சூரியனின் காந்தமும் கொடைக்கானல் மலையும்

கீழச்சிவல்பட்டியிலிருந்து நேர் மேற்கே ஒரு கோடு இழுத்தால் அது நத்தம் பக்கமாகப் போய், ஏறக்குறைய கொடைக்கானல் மலையில் முட்டும். இரண்டு ஊரும் பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 10 பாகையில் இருக்கின்றன. இரண்டுக்கும் ஒரே சூரியன், ஏறக்குறைய ஒரே உச்சிவெயில். செட்டிநாட்டில் அந்த வெயில் மொட்டை மாடியில் வற்றல் காயவைக்க உதவுகிறது. கொடைக்கானலில் நூறு வருடங்களுக்கும் மேலாக அதே வெயிலைக் கண்ணாடியில் பிடித்து, பிரித்து, படமெடுத்து, தேதி போட்டு அடுக்கி வைத்துக் கொண்டிருக்கிறார்கள். எதற்காக?

அதற்குப் பதில் சொல்ல முதலில் 1859-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அந்த வருடம் செப்டம்பர் 1-ஆம் தேதி காலை, இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேரிங்டன் என்பவர் தொலைநோக்கி வழியாகச் சூரிய பிம்பத்தைத் திரையில் விழவைத்து, அதிலிருந்த கரும்புள்ளிகளை வரைந்து கொண்டிருந்தார். திடீரென்று ஒரு பெரிய புள்ளிக் கூட்டத்தின் மேல் இரண்டு வெள்ளைப் பொட்டுகள் பளிச்சென்று எரிந்தன. யாரையாவது சாட்சிக்குக் கூப்பிடலாம் என்று ஓடிப்போய்த் திரும்பி வருவதற்குள் அவை மங்கிவிட்டன. மொத்தமே ஐந்து நிமிடம்தான்! நல்லவேளையாக ஹாட்ஜ்சன் என்ற இன்னொருவரும் வேறிடத்திலிருந்து அதையே பார்த்திருந்தார். மனிதர்கள் பார்த்துப் பதிவு செய்த முதல் சூரிய வெடிப்பு (பாடப்புத்தகங்களில் சோலார் ஃப்ளேர் என்று வருவது) இதுதான்.

அதே நிமிடத்தில் லண்டனுக்கு அருகே கியூ என்ற இடத்தில் இருந்த காந்தமானியின் ஊசி சின்னதாக ஒரு கொக்கி போலத் துள்ளியது. சுமார் பதினேழரை மணி நேரம் கழித்து உலகம் முழுக்கக் காந்த ஊசிகள் கட்டுக்கடங்காமல் ஆடின. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் தந்திக் கம்பிகள் தாறுமாறாக நடந்து கொண்டன. நம் பக்கத்தில் பம்பாய் கொலாபா ஆய்வகத்தில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை கண்ணால் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். பூமியின் கிடைக்காந்தப்புலம் அங்கே சுமார் 1600 நானோடெஸ்லா இறங்கியதாக அந்த ஏட்டில் இருக்கிறது. அங்குள்ள மொத்தப் புலத்தில் இது நூற்றில் நான்கு பங்கு. கேட்கச் சின்னதாகத் தெரியலாம், ஆனால் அவ்வளவு பெரிய இறக்கம் மிக அபூர்வம். அந்தப் புயல் எவ்வளவு பெரியது என்பதை இப்போதுள்ள விஞ்ஞானிகள் கணக்குப் போடுவதற்கு இந்தக் கொலாபா ஏடுதான் பெரிய ஆதாரம். எழுதியவர்களுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை.

ஆக, பூமியில் ஊசி அசைந்தது. சூரியனில் என்ன அசைந்தது? இந்தக் கேள்விக்கு ஒழுங்கான பதில் கிடைக்க ஏறக்குறைய நூற்றைம்பது வருடம் ஆனது. நடுவில் பெரிய பெரிய மேதைகளே தவறாகச் சொன்னார்கள். 1892-இல் கெல்வின் பிரபு (வெப்பநிலை அலகுக்குப் பெயர் கொடுத்த அதே கெல்வின்தான்) கணக்குப் போட்டுப் பார்த்து, காந்தப் புயல்களுக்குச் சூரியன் காரணமாக இருக்கவே முடியாது, எல்லாம் தற்செயல் என்று சொல்லிவிட்டார். கணக்கு சரிதான். ஆனால் சூரியன் ஒரு சட்டக் காந்தம் போல அங்கிருந்தபடியே இங்குள்ள ஊசியை இழுக்க வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்ட அடிப்படைதான் தவறு.

தாது வருஷமும் ஒரு தொலைநோக்கியும்

கொடைக்கானல் இந்தக் கதைக்குள் வந்ததற்குக் காரணம் காந்தம் இல்லை, பஞ்சம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி இன்றும் கிராமத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்கலாம். பல லட்சம் பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு அமைந்த பஞ்சக் குழு, மழை பொய்ப்பதை முன்கூட்டியே அறிய வழி தேட வேண்டும் என்றது. சூரியனில் கரும்புள்ளிகள் சுமார் பதினோரு வருடத்துக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. மழையும் அதைப் பின்பற்றினால்? சூரியனைத் தொடர்ந்து பார்த்தால் பஞ்சத்தை முன்னாலேயே சொல்லிவிடலாம் அல்லவா?

இப்படி ஒரு நம்பிக்கையில்தான் 1895-இல் சென்னை கவர்னர் வென்லாக் பிரபு கொடைக்கானலில் அடிக்கல் நாட்டினார். சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த பழைய வானாய்வகத்தின் வேலைகள் 1899-இல் மலைக்கு மாறின. சுமார் 2343 மீட்டர் உயரம். தூசி குறைவு, காற்று மெல்லியது. இடத்தைத் தேர்ந்தெடுத்து முதல் இயக்குநராக இருந்தவர் மிச்சி ஸ்மித்.

பஞ்சத்தை முன்னறிவிக்க அந்தத் தொலைநோக்கிகளால் முடியவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். கரும்புள்ளியை எண்ணி பருவமழையைச் சொல்லும் வழி எதுவும் கிடைக்கவில்லை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தாது வருஷத்தில் மக்கள் செத்தது மழை இல்லாததால் மட்டும் இல்லை. அதே காலத்தில் தானியம் கப்பல் ஏறிக்கொண்டுதான் இருந்தது. அதைத் தடுக்க எந்தத் தொலைநோக்கியும் தேவைப்பட்டிருக்காது. இருந்தாலும் அந்தத் துயரத்தின் பெயரால் கட்டப்பட்ட கட்டடத்தில் வேறொன்று கிடைத்தது.

வெளிச்சத்தில் எழுதியிருக்கும் காந்தம்

சூரியனுக்குப் பக்கத்தில் காந்த ஊசியைக் கொண்டுபோய் வைக்க முடியாது. அப்படியானால் அங்கே காந்தம் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

சூரிய ஒளியை முப்பட்டகத்தால் பிரித்தால் வானவில் நிறங்களுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள் தெரியும். இரும்பு, கால்சியம், ஹைட்ரஜன் என்று ஒவ்வொரு தனிமத்துக்கும் அதற்கென்று கோடுகள். 1896-இல் ஹாலந்து நாட்டு சீமன், காந்தத்துக்கு நடுவே வைத்த சுடரின் நிறமாலைக் கோடுகள் மாறுவதைக் கண்டார். காந்தம் போதிய அளவு பலமாக இருந்தால் ஒரு கோடு இரண்டு மூன்றாகப் பிளக்கும். பிளந்த கோடுகளின் ஒளி வேறு வேறு திசையில் சுழலும் தளவிளைவு கொண்டிருக்கும். 1908-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் மலையில் ஜார்ஜ் ஹேல் ஒரு கரும்புள்ளியின் ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது கோடுகள் அதேபோல் பிளந்திருந்தன. கணக்குப் போட்டால் சுமார் 3000 காஸ். தமிழ்நாட்டில் பூமியின் காந்தப்புலம் சுமார் 0.4 காஸ்தான். அதாவது கரும்புள்ளி என்பது பூமியைவிடப் பெரிதாகக்கூட இருக்கும் ஒரு காந்தம்! பூமிக்கு வெளியே காந்தம் கண்டுபிடிக்கப்பட்டது அதுவே முதல்முறை.

ஹேல் எடுத்த படங்களில் கரும்புள்ளிகளைச் சுற்றி நீர்ச்சுழி போன்ற வடிவங்கள் தெரிந்தன. ஆகவே புள்ளி என்பது ஒரு சூறாவளி, வாயு அதைச் சுற்றிச் சுழல்கிறது, அதனால்தான் காந்தம் உண்டாகிறது என்று நினைத்தார்கள். கேட்க அழகான விளக்கம்.

அடுத்த வருடமே, 1909 ஜனவரியில், கொடைக்கானலில் ஜான் எவர்ஷெட் அதைச் சோதித்துப் பார்த்தார். இவர் பல்கலைக்கழகப் பேராசிரியர் இல்லை. இங்கிலாந்தில் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு சொந்தச் செலவில் சூரியனைப் பார்த்தவர். 1907-இல் கொடைக்கானலுக்கு உதவி இயக்குநராக வந்திருந்தார். அவர் மனைவி மேரியும் வானியல் அறிந்தவர், சூரிய விளிம்பில் எழும் தீக்கொழுந்துகளைப் பற்றித் தன் பெயரிலேயே ஆய்வு வெளியிட்டவர்.

வாயு சுழல்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? ரயில் நம்மை நோக்கி வரும்போது ஹாரன் சத்தம் கூர்மையாகவும், விலகும்போது தடித்தும் கேட்கும் அல்லவா? அதே டாப்ளர் விளைவு ஒளிக்கும் உண்டு. வாயு நம்மை நோக்கி வந்தால் நிறமாலைக் கோடு நீலப் பக்கம் நகரும், விலகிப் போனால் சிவப்புப் பக்கம் நகரும். சூரிய விளிம்புக்கு அருகே இருக்கும் ஒரு புள்ளியைச் சாய்வாகப் பார்க்கிறோம் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஆட்டுக்கல்லில் மாவு சுற்றுவது போல வாயு சுழன்றால், புள்ளியின் இடது வலது பக்கங்களில்தான் இந்த நகர்வு தெரிய வேண்டும். எவர்ஷெட்டுக்கு அங்கே எதுவும் தெரியவில்லை. மாறாக, நமக்கு அருகில் உள்ள பக்கத்தில் வாயு நம்மை நோக்கி வந்தது, தூரத்துப் பக்கத்தில் விலகிப் போனது. அதாவது சுழற்சி இல்லை. புள்ளியின் நடுவிலிருந்து எல்லாத் திசையிலும் வெளியே வழிகிறது. வேகம் வினாடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர்.

உலகமே சுழி என்று எதிர்பார்த்தபோது, தட்டில் இருந்தது சுழி இல்லை என்று எழுதியதுதான் அவர் செய்த காரியம். இன்றைக்கு அது எவர்ஷெட் விளைவு. புள்ளியின் இருண்ட நடுப்பகுதியைச் சுற்றியுள்ள அரைநிழலில் காந்தக் கோடுகள் கிட்டத்தட்ட படுத்துக் கிடக்கின்றன, மின்னூட்டம் பெற்ற வாயு அந்தக் கோடுகளின் வழியே ஓடுகிறது என்பது பிற்பாடு புரிந்தது. கோடுகள் நின்றிருக்கின்றனவா, படுத்திருக்கின்றனவா என்பதை மறக்க வேண்டாம். வெடிப்பு பற்றிய கேள்வியில் கடைசியில் அதுதான் வந்து நிற்கிறது.

கயிறு முறுக்குவது போல

சணல் கயிற்றின் இரண்டு முனையையும் பிடித்து முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் நடுவில் சுருண்டு முடிச்சு விழும். இன்னும் முறுக்கினால் கை தாங்காது. கரும்புள்ளிகளுக்கு மேலே வளைந்து நிற்கும் காந்தக் கோடுகளும் அப்படித்தான். கீழே வாயு நகர நகர, அதில் ஊன்றியிருக்கும் கோடுகள் முறுகுகின்றன. எதிரெதிர்த் திசையில் போகும் கோடுகள் நெருங்கி உரசும்போது அவை அறுந்து வேறு விதமாக இணைந்து கொள்கின்றன. சேர்ந்திருந்த சக்தி சில நிமிடங்களில் வெளிப்படுகிறது. பெரிய வெடிப்பு ஒன்றின் மொத்தச் சக்தி, இந்தியா முழுவதும் இன்று ஓராண்டில் உற்பத்தியாகும் மின்சாரத்தைப்போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேல்.

1859-இன் இரண்டு அசைவுகளும் இப்போது விளங்கும். வெடிப்பின் எக்ஸ் கதிர்கள் ஒளியோடு ஒளியாக எட்டே நிமிடத்தில் வந்து, நம் தலைக்கு மேல் சுமார் நூறு கிலோமீட்டர் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் மின்னோட்டத்தைக் கூட்டிவிடுகின்றன. கியூவில் விழுந்த கொக்கி அதுதான். சூரியன் வீசியெறிந்த காந்தமேறிய வாயு மேகம் பிறகு வந்து சேர்கிறது, அது புயல். இதில் தென் தமிழ்நாட்டுக்கு ஒரு சிறப்பு உண்டு. காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிப் போகிறது. அந்தக் கோட்டின் மேல்தான் பகலில் அயனி மண்டல மின்னோட்டம் ஆறு போல ஓடுகிறது. ஆகவே பகலில் வெடிப்பு நடந்தால் கொடைக்கானல் காந்தமானியில் கொக்கி பெரிதாகவே விழும்.

ஆனால் இதெல்லாம் பூமியில் நடப்பது. கோட்பாடு சரியென்றால் வெடிப்புக்கு முன்னும் பின்னும் சூரியனின் காந்தப்புலமே மாறியிருக்க வேண்டும். அதை யாராவது அளந்து காட்ட வேண்டாமா?

1950களின் தொடக்கத்தில் பாப்காக் என்ற அப்பாவும் மகனும் அமெரிக்காவில் மேக்னடோகிராஃப் என்ற கருவியைச் செய்தார்கள். கோட்டின் இரண்டு ஓரங்களிலும் உள்ள தளவிளைவு வித்தியாசத்தை மின்சாரம் மூலம் அளந்து, காந்தப்புலத்தை வரைபடமாகவே தருவது இது. கொடைக்கானலுக்கும் அந்தக் காலத்தில் ஒரு பெரிய கருவி வந்தது. செட்டிநாட்டு வீட்டு முற்றத்தில் விழும் வெயில் காலையில் ஒரு தூணிலும் மாலையில் எதிர்த் தூணிலும் இருக்கும். கொடைக்கானலில் 11 மீட்டர் கோபுரத்தின் மேல் உள்ள கண்ணாடி சூரியனோடு திரும்பித் திரும்பி, அந்த வெயிலை நகரவிடாமல் பிடித்து, 60 மீட்டர் நீளச் சுரங்கத்துக்குள் அனுப்புகிறது. உள்ளே 34 சென்டிமீட்டர் அகலத்துக்குச் சூரிய பிம்பம் விழும், ஒரு பெரிய தாம்பாளம் மாதிரி! 1960-இல் வைனு பாப்பு இயக்குநராக வந்த பிறகு, ஜே.சி. பட்டாச்சார்யா இங்கேயே ஒரு மேக்னடோகிராஃபைக் கட்டி முடித்தார். உதிரிபாகம் கிடைப்பதே கடினமாக இருந்த காலம் அது.

உலகின் பல இடங்களிலும் இப்படிக் கருவிகள் வந்ததும் அறிவிப்புகளும் வந்தன. கிரிமியாவில் செவர்னி போன்றவர்கள் வெடிப்புக்குப் பின் காந்தப்புலம் மாறுகிறது என்றார்கள். வேறு சிலர் அப்படி ஒன்றும் காணவில்லை என்றார்கள். வாதம் பல பத்தாண்டுகள் நீண்டது.

சிக்கல் எங்கே என்றால், வெடிப்பு நேரத்தில் நிறமாலைக் கோடே உருமாறிவிடுகிறது. கறுப்பாக இருக்க வேண்டிய கோடு சூட்டினால் பிரகாசமாகிவிட்டால், கறுப்புக் கோட்டை நம்பிச் செய்த கருவி வடக்கைத் தெற்கு என்று காட்டும்! காந்தம் மாறியிருக்காது, கருவி ஏமாந்திருக்கும். வானத்துக் காற்று கொஞ்சம் கலங்கினாலும் இதே கதை. ஆகவே மாற்றத்தைக் கண்டேன் என்றவர்களை மற்றவர்கள் நம்பாததில் தப்பில்லை. ஒரு விதத்தில் இது எவர்ஷெட்டின் நிலைமைக்கு நேர் எதிர். அவர் எதிர்பார்த்தது தட்டில் இல்லை. இவர்களுக்கு எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடியே தெரிந்தது. அதனால்தான் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டியிருந்தது.

முடிச்சு அவிழ்ந்தது வேறு வேலைக்காக வைத்த கருவிகளால். சூரியனின் உள்ளே ஓடும் அதிர்வுகளைக் கேட்பதற்காக 1995 முதல் உலகைச் சுற்றி ஆறு இடங்களில் ஒரே மாதிரியான தொலைநோக்கிகள் இயங்குகின்றன. எங்காவது ஓரிடத்தில் எப்போதும் பகலாக இருக்கும் என்பது ஏற்பாடு. கோங் என்பது இந்த வலையின் பெயர். ஹவாய், கலிபோர்னியா, சிலி, கேனரி தீவு, ஆஸ்திரேலியா, ஆறாவது நம் ராஜஸ்தானின் உதயப்பூர். இவை நிமிடத்துக்கு ஒரு காந்த வரைபடமும் எடுத்தன. 2005-இல் சுடோல், ஹார்வி என்ற இருவர் அந்தக் குவியலிலிருந்து 15 மிகப் பெரிய வெடிப்புகளை எடுத்து, ஒவ்வொரு இடத்திலும் காந்தப்புலம் நிமிடவாரியாக எப்படிப் போனது என்று பார்த்தார்கள். ஒவ்வொரு வெடிப்பிலும் குறைந்தது ஓரிடத்திலாவது புலம் படிக்கட்டு இறங்குவது போல (சில இடங்களில் ஏறுவது போல) சட்டென்று மாறி, மாறிய இடத்திலேயே நின்றுவிட்டது. கருவி ஏமாந்திருந்தால் வெடிப்பு அடங்கியதும் பழைய அளவுக்குத் திரும்பியிருக்கும். திரும்பவில்லை! பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும் இந்த மாற்றத்தின் நடுத்தர அளவு சுமார் 90 காஸ். ஆயிரக்கணக்கான காஸுக்கு நடுவே 90 காஸ் சிறியதுதான். அதனால்தான் அத்தனை வருடம் கண்ணில் படவில்லை.

ஏன் அப்படி மாறுகிறது? மேலே சக்தி செலவானதும் வளைந்து நின்ற கோடுகள் காற்று இறங்கிய பலூன் போலச் சுருங்குகின்றன, அப்போது கீழே ஊன்றியுள்ள பகுதி இன்னும் படுத்துக் கொள்ளும் என்று ஹட்சன் முதலியோர் 2008-இல் எழுதினார்கள். 2010-இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் எஸ்.டி.ஓ. விண்கலம் புலத்தின் பலத்தோடு சாய்வையும் அளக்கக் கூடியது. 2011 பிப்ரவரி 15-ஆம் தேதி நடந்த பெரிய வெடிப்பில், வடக்கும் தெற்கும் சந்திக்கும் எல்லையில் கிடைப்புலம் சுமார் 30 சதவீதம் கூடியதை அது காட்டியது. கோடுகள் படுத்துவிட்டன.

இவையெல்லாம் சூரியப் பரப்பில். சக்தி உண்மையில் வெளியாகும் மேல்வெளியில் அளப்பது இன்னும் கடினம். 2017 செப்டம்பர் 10-ஆம் தேதி வெடிப்பை கலிபோர்னியாவில் ரேடியோ அலைகளில் பார்த்தவர்கள், அங்கே காந்தப்புலம் வினாடிக்குச் சுமார் 5 காஸ் வீதம் சரிந்ததாக 2020-இல் அறிவித்தார்கள். அந்தச் சரிவில் வெளியாகும் சக்தி வெடிப்புக்குப் போதுமானதாகவும் இருந்தது. கேரிங்டன் பார்த்த வெள்ளைப் பொட்டுகளுக்குச் செலவான சரக்கு எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நேரடியான கணக்கு அதற்கு முன் இல்லை.

இந்த ஆராய்ச்சியைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க முடியாது. 1989 மார்ச் 13-ஆம் தேதி ஒரு காந்தப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அறுபது லட்சம் பேர் ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லாமல் இருந்தார்கள். எந்தப் புள்ளிக் கூட்டம் எப்போது வெடிக்கும் என்று முன்கூட்டி உறுதியாகச் சொல்ல இன்னும் முடியவில்லை.

2023 செப்டம்பர் 2-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆதித்யா எல்1 கிளம்பியது. திட்ட இயக்குநர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. பதினைந்து லட்சம் கிலோமீட்டர் தள்ளி, 2024 ஜனவரி 6-ஆம் தேதி அது தன் இடத்தில் போய் நின்றது. அடுத்த மாதம் 22-ஆம் தேதியே ஒரு பெரிய வெடிப்பை அதன் புற ஊதாத் தொலைநோக்கி படம் பிடித்தது. அதிலுள்ள இன்னொரு கருவி, சூரியனின் வெளிவட்டமான கரோனாவைப் பார்ப்பது, இந்திய வானியற்பியல் நிறுவனத்தில் உருவானது. கொடைக்கானல் ஆய்வகம் இன்று அந்த நிறுவனத்தின் கீழ்தான் இருக்கிறது.

மலையில் பழைய கண்ணாடித் தட்டுகளும் சும்மா இல்லை. 1904 முதல் கால்சியத்தின் ஊதா ஒளியில் எடுத்த சூரியப் படங்கள் அங்கே உண்டு. அந்த ஒளியில் வெளிச்சமாகத் தெரியும் இடமெல்லாம் காந்தம் கூடிய இடம். ஆகவே மேக்னடோகிராஃப் பிறப்பதற்கு ஐம்பது வருடம் முன்பு சூரியனின் காந்தம் எங்கெங்கே இருந்தது என்று அந்தத் தட்டுகளிலிருந்து இப்போது கணினியில் திரும்ப வரைகிறார்கள். பெயர் வெளியே தெரியாத உதவியாளர்கள் குளிரில் கதவைத் திறந்து, மேகம் விலகக் காத்திருந்து எடுத்தவை அவை. பல தட்டுகளின் ஓரத்தில் அன்றைய தேதியும் நேரமும் கையெழுத்தில் இன்னும் தெளிவாக இருக்கின்றன.